விலை கேட்டவர்

குக்காவோ கடற்கரையில்
பசிபிக் காற்றுக்குப் பயந்து
தாளின் நாலு மூலைக்கும் கல் வைக்கிறாள் எலியானா.
நடுவே
பிரிந்து பிசிறாகிப்போன ஒரு முழம் கயிறு.
பன்னிரண்டு நிமிட வெயில் போதும்.
அலசினால்
நீலத்துக்குள் வெள்ளையாய் நிற்கிறது
கயிறு கிடந்த இடம் மட்டும்.

காஸ்த்ரோ நகரக் கூடத்தில்
எல்லோரும் அதைப் பாசி என்றார்கள்.
ஒரு பெண் பெயர்கூடச் சொன்னாள், லத்தீனில்.
பல் தேய்க்கும் பிரஷ்ஷை மீன்முள் என்றார்கள்.
எலியானா திருத்தவில்லை.
அது என்னுடையதாகவும் இருக்கலாம்
என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக வந்தவர்
சால்மன் பண்ணை மேலாளர் ஓயார்சுன்.
மூக்கு சட்டத்தில் இடிக்கக் குனிந்தார்.
கயிற்று நுனியில் ஒரு தகடு.
துளைகள் வழியே வெயில் புகுந்து
நீலமாய் எழுதியிருந்தது:
நானூற்று ஏழு.
வாய்க்குள் படித்தார்.
அவருடைய கூண்டு.

"என்ன விலை?"

வாசலைக் காட்டினாள்.
மழையில் நனைந்தபடி முப்பத்தெட்டு மூட்டை.
"படம் சும்மாதான்.
அதோடு சேர்த்துத்தான் தருவேன்."

வண்டிச் சாவியைத் தடவிக்கொண்டு நின்றார்,
மழை விடட்டும் என்பவர்போல.

சிலோயே தீவில்
மழை லேசில் விடாது.