பூனை படுத்த இடம்

நீடாமங்கலத்துக்கு மேற்கே வெண்ணாற்றங்கரை ரைஸ்மில்லில்
நாற்பத்தாறு மீட்டர் நீராவிக் குழாய்.
இந்தக் கோடியில் கொதிகலன், நூற்றறுபது டிகிரி.
அந்தக் கோடியில் தொட்டி நிறைய ஊறிய நெல்.
இடையில் முழுக்க அம்மணமான இரும்பு.

"கொதிக்கிற குழாய்க்கு எதுக்குங்க பாய் சட்டை?"
பாய்லர் பார்க்கும் கலியமூர்த்தி கேட்டார்.
நான் வாய்க்காலைக் காட்டினேன்.
சூடும் தண்ணி மாதிரிதாண்ணே,
மேட்டுல நிக்காது.
நூற்றறுபதிலிருந்து முப்பத்தெட்டுக்கு
யாரிடமும் வழி கேட்காமல் இறங்கும்.
ஷட்டர் போட்டு அடைக்க முடியாது.
அடைக்கிறேன் என்று எவன் வந்தாலும்
அட்வான்ஸ் கொடுக்காதீங்க.
வரப்புதான் போடலாம்.
ஒன்றல்ல, கோடி வரப்பு,
ஒவ்வொரு வயலிலும் கடுகளவு காற்று,
ஓட இடமில்லாமல், புரள இடமில்லாமல்.
அசையாத காற்றுக்கு அவசரமே கிடையாது.
சூட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு
தாலுகா ஆபீஸ் ஃபைல் மாதிரி நகர்த்தும்.

கம்பளி என்று பேர்; ஆடு தந்ததில்லை,
பாறையை உருக்கி நூலாய்ச் சிதறடித்தது.
முழங்கை வரைக்கும் அரிக்கும்.
தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு
இரண்டங்குலக் கனத்துக்குச் சுற்றி,
கோழிவலை இழுத்துக் கட்டி,
மேலே அலுமினியத் தகடு.
பளபளப்பு அழகுக்கில்லை.
எதையும் தொடாமலே வீசுகிற சூடு ஒன்று உண்டு,
அதை வெளியே விடுவதில் பளபளத்த தகடு மகா கஞ்சன்.

இந்த மில்லின் உமிதான் இந்த அடுப்பில் எரிகிறது.
எரியாத உமியை நாகப்பட்டினத்தில்
ஐஸ் பாளத்துக்குப் போர்த்திப் பார்த்திருக்கிறேன்.
எரிந்த சாம்பலை மூட்டை கட்டி
உருக்காலைக்கு அனுப்புகிறார் முதலாளி வைரவநாதன்;
கொதிக்கும் எஃகின் மேல் தூவினால்
சீக்கிரம் ஆறாதாம்.
உமி யார் பக்கம் என்று
நான் கேட்பதில்லை.

ஐப்பசி அடைமழையில் ஃபோன் வந்தது.
"ஷிப்டுக்கு ரெண்டு மூட்டை உமி கூடப் போகுது.
கடைசித் தொட்டியில நெல்லு அரைவேக்காடு.
என்னய்யா வேல பாத்த?"

இரண்டாள் உயரத்தில் குழாய்.
கீழிருந்து பார்த்தால் நாற்பத்தாறு மீட்டரும் ஒரே மினுக்கம்.
பதினேழாவது இணைப்பில் மட்டும்
சாம்பல் நிறத்தில், ஒரு காது கிழிந்து,
வயிற்றைப் பரப்பி
ஒரு பூனை.
"தீபாவளியிலேர்ந்து அங்கதான் கெடக்குது" என்றார் கலியமூர்த்தி.

ஏணி வைத்தேன்.
அது எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்தது.
தகட்டு மடிப்பில் விரல் நுழையும் பிளவு.
பிரித்து, கம்பளியைப் பிழிந்தேன்.
வெந்நீர்.
வயல் வயலாய்க் குடியிருந்த காற்றை விரட்டிவிட்டு
மழை உட்கார்ந்திருக்கிறது.
தண்ணீருக்குச் சூட்டைக் காக்கவைக்கத் தெரியாது,
கையோடு கூட்டிப் போய்விடும்.
பதினெட்டு வருஷம், தம்மாமிலும் ஜுபைலிலும் இங்கேயும்,
நான் சுற்றி விற்றதெல்லாம் காற்றுதான்.
கம்பளி அதற்கு வெறும் பட்டா.

மூன்றடி வெட்டியெறிந்து புதுசு வைத்தேன்,
மடிப்பைக் கீழ்ப்பார்க்கத் திருப்பி, ஓடு வேய்கிற மாதிரி.
கூலி கேட்கவில்லை; தப்பு என்னுடையது.

"சட்டை போட்டதுல எனக்கு மொத்தமா எவ்வளவு மிச்சம்?"
வெளியே வராத சூட்டுக்கு
எந்த நோட்டில் ரசீது எழுதுவது?
எரியாத உமியைக் காட்டினேன்.
அவர் எரிந்த உமியைக் காட்டினார்.

சாயங்காலம் பூனை வந்தது.
பதினேழாவது இணைப்பை முகர்ந்தது. வெறும் தகடு.
பிறகு குழாய் நெடுக, நின்று நின்று,
இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி நடந்து
கடைசியில் வால்வுக்கு வந்து சேர்ந்தது.
மீசை நீட்டியது. சடாரென்று பின்வாங்கியது.
ஒரு முழம் தள்ளிச் சுருண்டது.

"வால்வுக்கு ஏன் சட்டை போடல?"
"பழுது பாக்கத் தெறக்கணும் சார்."
பில்லிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.