பதினேழாம் கண்ணாடி

இண்டியத்தின் விலையை மூன்றாம் முறை கேட்டுவிட்டு
முனிரத்னம் போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.
தங்கமே தேவலாம், என்றான்.
ஓசூர் சிப்காட்டின் பின்தெரு, தகர ஷெட்.
கடனில் வாங்கிய ஆவிப்பூச்சு எந்திரம் ஒன்று,
கொஞ்சம் செம்பு,
உலர்ந்தால் வெடித்துப்போகும் ஒரு பசை.
அவ்வளவுதான் நாங்கள்.

வெடிக்கக் கூடாதென்றுதான் ஊரெல்லாம் பூசும்.
நாங்கள் வெடிக்கட்டுமென்று காத்திருந்தோம்.
ஓசூர் விடவில்லை.
ஜூலைச் சாரலில்
பசை சவ்வாய்ப் படுத்துக் கிடந்தது,
பதினாறு கண்ணாடியிலும்.

பதினேழாவதைத் துப்பட்டாவில் சுற்றி
மடியில் வைத்துத் தருமபுரி பஸ் ஏறினேன்.
அங்கே அக்கா வீட்டு மொட்டைமாடி, காற்று, வெயில்.
"குழந்தையாம்மா?" என்றார் கண்டக்டர்.
கிட்டத்தட்ட, என்றேன்.
டிக்கெட் கேட்கவில்லை.

முதல் கோடு ஓரத்திலிருந்து வந்தது.
அதை முட்ட இன்னொன்று.
அப்புறம் எண்ண முடியவில்லை.
சித்திரை மாத ஏரியொன்று
என் உள்ளங்கைக்குள் வற்றிக்கொண்டிருந்தது.
எந்த விரிசலில் விரல் வைத்தாலும்
அடுத்ததற்கு வழி இருந்தது.

அதன்மேல் செம்பை ஆவியாய் விட்டோம்.
பசையைக் கழுவினோம்.
பசை போன இடம் வெறும் கண்ணாடி,
விரிசல் இருந்த இடம் கம்பி,
கண்ணுக்குப் பிடிபடாத மெலிவில்.
மீட்டரின் முனைகளை இரு மூலையில் வைத்தபோது
முனிரத்னம் மூச்சு விடவில்லை.
ஆறு ஓம்.

அதே கணக்கில் பெரிதாய் இரண்டு,
நடுவே திரவப் படிகம்.
சுவிட்சைப் போட்டால் தெளியும்,
அணைத்தால் பால்.
பாலக்கோட்டில் ஒரு ஸ்கேன் அறைக்கு மாட்டினோம்.
சிஸ்டர் ஜெபமணி பதினோரு முறை போட்டு அணைத்தார்.
பன்னிரண்டாம் முறை கரண்டே போய்விட்டது.

எனக்கு வயிறு கலங்கியது.
மின்வெட்டில் வேலை செய்யாது என்று
குறைகள் பட்டியலில் நானே எழுதியிருந்தேன்.
இருட்டில் கண்ணாடி வெளுத்தது.
உள்ளே படுத்திருந்தவள்
இழுத்துப் பிடித்திருந்த சேலையை
மெல்ல விட்டாள்.
"கரண்டு போனா தானா மூடிக்குதே," என்றார் சிஸ்டர்,
"இதைத்தானே கேட்டேன்?"

அந்த வரியை அடித்துவிட்டேன்.

பாதிப் பணம் வந்தது.
கீழ் ஓரத்தில் ஓரிடம் செம்பு கறுத்து வருகிறது.
சிஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை.
முனிரத்னத்திடம் சொன்னேன்.
நிமிராமல்
அடுத்த பசையைக் கலக்கிக்கொண்டிருந்தான்.