நூற்றுப் பதினொன்றுக்கு அடுத்த பக்கம்

ஏழு பேருக்கு ஒரு நாவல்.
கூடவே ஒரு 555 நோட்டு,
மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அதேதான்.
விதிகள் மூன்று:
மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.
ஒரு பக்கமாவது எழுதாமல் கைமாற்றக் கூடாது.
முடிவை உளறக் கூடாது.
மூன்றாவதைச் சேர்த்தவர் லோகேந்திரன்.
முதல் ஆளாகப் படித்து
முதல் பக்கத்திலேயே உளறியவரும் அவர்தான்.

ஜெலுத்தோங்கில் புறப்பட்டது.
ஆயர் ஈத்தாமில், குணவதியின் தையல் மெஷின்மேல்
பதினெட்டு நாள்.
ஹமீதாவின் ஸ்கூட்டர் இருக்கைக்கடியில்
மழைக்கோட்டோடு கிடந்ததில்
எழுபதாம் பக்கம்வரை ஓரம் அலையலையாய்ச் சுருண்டது.
மரியதாஸ் பெரியில் படிக்கிறவர்.
பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் நடுவில்
ஒரு நடைக்கு எட்டுப் பக்கம்,
காற்றடித்தால் ஆறு என்று
நோட்டில் கணக்கே போட்டிருந்தார்.

ஐந்தாவதாக என் கைக்கு.
எனக்கு பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்.
மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே சில்லுகள்.
மயிரிழை விரிசல், தூசியளவு ஈயப் பிசிறு,
பதினோரு வருடத்தில் எதுவும் தப்பியதில்லை.
விடிகாலை மூன்றரை மணி ஓய்வில்
மைலோ ஆறும்வரை படிப்பேன்.

கதையில் அந்தப் பெண்
நூற்றுப் பதினொன்றாம் பக்கத்தின் கடைசி வரியில்
புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாய் திறக்கிறாள்.
திருப்பினால்
ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.
சொன்னாளா?
மைலோவில் ஆடை படர்ந்தது.
மணி அடித்துவிட்டது.

மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன்.
குணவதி: சொல்லாமல் விட்ட இடம்தான் என்னை அழவைத்தது.
ஹமீதா: துணிச்சலான தாவல்,
வேறு ஆள் என்றால் நாலு பக்கம் வசனம் எழுதியிருப்பார்.
மரியதாஸ், அடிக்கோடு இரண்டு போட்டு:
நடுக்கடலில் இன்ஜினை நிறுத்தியது போல.
நான் மட்டும் சும்மா இருப்பேனா?
மௌனத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம்.
மாமியாரும் நானும் பேசிக்கொள்ளாத
இரண்டு வருடத்தை அதில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.
நன்றாகத்தான் வந்திருந்தது.
பஸ்ஸில் நாலு தடவை எடுத்துப் படித்துக்கொண்டேன்.

ஆறாவது ஆள் தினேஸ்வரன், பாலிடெக்னிக் பையன்.
அவன் எழுதியது இவ்வளவுதான்:
"111க்கு அடுத்து 114 வருகிறது.
அச்சகத்தில் ஓரம் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.
அடி ஸ்கேலால் கிழித்தேன்.
கொஞ்சம் கோணல், மன்னிக்கவும்."

ஞாயிற்றுக்கிழமை, கொம்தாருக்குப் பின்னால் மாமாக் கடை.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
ரொட்டி சானாயைப் பிய்ப்பதில் அப்படி ஒரு கவனம்.
குணவதிக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது,
பிறகு மேசையே ஆடியது.
லோகேந்திரன் நாலாவது விதி எழுத பேனா தேடினார்.
கடைசி முறை ரெங்கநாயகிக்கு.
"உளறாதீங்க, உளறாதீங்க" என்று
இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

பிசிறடித்த ஓரத்தை விலக்கிப் படித்தேன்.
சொல்லியிருக்கிறாள்.
ஒன்றுவிடாமல், இரண்டு பக்கத்துக்கு.
கேட்டு முடித்துவிட்டு அவன் சொல்கிறான்:
"துணி ஊறிக்கிட்டே கெடக்கு பாரு."

ஹமீதா தான் எழுதியதை அடித்துவிட்டாள்.
நான் அடிக்கவில்லை.
ஒன்றரைப் பக்கத்துக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில்
பொடி எழுத்தில் சேர்த்தேன்:
ஒருநாள் அவர் சமையலறை வாசல்வரை வந்து
"இந்தாம்மா" என்று ஆரம்பித்தார்.
நான் குழாயைத் திறந்துவிட்டேன்.
முழுசாக.

நோட்டை நாவலுக்குள் செருகி
மேசையில் தள்ளினேன்.
வாங்கிக்கொள்ளக் கை வேண்டுமே,
ரெங்கநாயகி இன்னும் காதைப் பொத்தியபடிதான் இருந்தாள்.