பினாங்கு ஸ்டாப்பிங்

நாற்பது பைசா டிக்கெட்டில்
பினாங்கு போய் வந்தவர்கள் நாங்கள்.
கடலில்லை, கப்பலில்லை.
திருவாரூரில் நாகை ரோட்டில் ஐந்து மாடி,
உச்சியில் பச்சைக் குழாய் எழுத்து:
ஹோட்டல் பினாங்கு பேலஸ்.
பாதி இரவுகளில் 'லஸ்' எரியாது.
வெறும் 'பே' என்று நிற்கும்.
இடித்துத் தரைமட்டமாக்கி நாலு வருஷம்,
கண்டக்டர் இன்னும் கத்துகிறார்:
"பினாங்கெல்லாம் எறங்கு!"

கட்டியவர் பீர்முகம்மது ராவுத்தர்.
பினாங்கில் துரைமார் தங்கும் ஹோட்டலுக்குப்
பின்வாசல் வழியே ரொட்டி இறக்கியவர்.
பதினோரு வருஷம் பார்க்காத முன்வாசலை
ஊருக்கு வந்து தானே கட்டினார்.
சலவைக்கல் படி, பித்தளைக் கைப்பிடி,
சல்யூட் அடிக்க ஒரு மீசைக்காரர்.
அவர் மட்டும் சாகும்வரை
சமையல்கட்டு வழியாகத்தான் உள்ளே வருவார்.

லிஃப்ட் வந்த வாரம்
கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள்.
"மேல யாரைப் பாக்கணும்?"
"யாரையும் இல்ல. மேல போவணும்."

இரவுக் கணக்கு எனக்கு, இருபத்தாறு வருஷம்.
ரிஜிஸ்தரில் ஏழாவது கட்டம்: வந்த காரியம்.
நெல் வியாபாரம். நெல் வியாபாரம்.
பெண் பார்க்க. தேர் பார்க்க.
பிறகு எண்ணெய்க் கிணறு என்று எழுதியவர்கள்,
மூன்று மாதம் இரண்டாம் மாடி முழுக்க,
வெளுக்கப் போட்ட துண்டெல்லாம் கறுப்பு.
வெள்ளச் சேதம் பார்வையிட.
வறட்சி பார்வையிட.
அதே அதிகாரி, அதே 304,
அதே வஞ்சிரம் வறுவல்.
ஒருத்தி 'தூங்க' என்று எழுதினாள்.
சாவியைக் கொடுத்தேன்.
மறுநாள் உச்சிப்பொழுதில்
தலையணைத் தடம் பதிந்த கன்னத்தோடு
பில் கட்டிப் போனாள்.

மேட்டூர் திறக்காத ஒரு ஜூனில்
ராத்திரி பத்து மணிக்கு
பக்கிரிசாமி வந்தார்.
எங்கள் பின்மதிலை ஒட்டி அவர் நாற்றங்கால்,
நுனி பழுத்துக்கொண்டிருந்தது.
மீசைக்காரர் தடுக்கப் பார்த்தார்.
"ரூம் என்ன வாடகை?"
"சிங்கிள் நானூறு."
"தண்ணி?"
"இருபத்துநாலு மணி நேரமும்."
வேட்டி மடிப்பிலிருந்து எண்ணி வைத்தார்,
பத்தும் இருபதுமாக.
பின்பக்கம் பார்த்த ஒன்பதாம் நம்பர்தான் வேண்டுமென்றார்.
தோளில் சுருட்டிய ரப்பர் குழாய்.
அதைப் பெட்டி என்று எழுதிக்கொண்டேன்.

அந்த ராத்திரி
மேல்தொட்டி மூன்று முறை காலியானது.
மூன்று முறையும் மோட்டாரை நான்தான் போட்டேன்.

விடிகாலை சாவி திரும்பி வந்தது.
படுக்கை கசங்கவில்லை,
சோப்பு பிரிக்கவில்லை,
ஜன்னல் கம்பியில் மட்டும் சேறு
என்று ரூம்பாய் முணுமுணுத்தான்.
ஏழாவது கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்.
'குளிக்க' என்று நான் நிரப்பினேன்.

கரண்ட் பில் வந்த அன்று
ராவுத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார்:
"ஒம்பதுல யாருய்யா இப்படிக் குளிச்சது?"
ஒரு குடும்பம், என்றேன்.
பெரிய குடும்பம்.
"எத்தனை பேரு?"
அரை மா இருக்கும் என்று சொல்லவில்லை.