மூன்றாம் பகுதியில் ஒரு பல்

நான் பிரதி எடுப்பவள்.
தாள் ஒன்றுக்கு நான்கு க்ராய்ட்சர்,
மெழுகுவர்த்தி என் செலவு.
பாஸவ் நகரின் மீன்சந்தைக்கு மேலே, மாடியறையில்,
ஒருவர் எழுதிய சுரங்களை
இன்னொருவர் ஊத எழுதித் தருகிறேன்.

கொம்புக்காரன் ப்ரோகோப் ஸ்க்ரிவான்
பொஹீமியாக் காட்டிலிருந்து வந்தவன்.
பிரபுவின் வேட்டைக்கு ஊதப் பிறந்து
பிரபுவைக் கேளாமல் எல்லை தாண்டியவன்.
பித்தளைக்குத் தெரிந்த சுரங்கள் கொஞ்சம்.
மிச்சத்தை அவன் வலக்கை வைத்திருந்தது.
கொம்பின் அகன்ற வாய்க்குள் விரல்களைக் குவிப்பான்;
இரண்டு சுரங்களுக்கு நடுவே
யாரும் பட்டா போடாத இடத்திலிருந்து
ஒரு சுரம் எழும்,
கம்பளிக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல.

கயேட்டன் உம்லௌஃப்ட் அதைக் கேட்ட இரவே
கன்சர்ட்டோவின் முதற்பகுதியை எழுதினார்.
மை காயாமல் என் மேஜைக்கு வந்தது.
பதினோரு ஆவர்த்தம் ஓய்வு. ஓரத்தில் பென்சிலில்:
"இங்கே எச்சிலைக் கொட்டிக்கொள், பன்றியே."
அதைப் பிரதியில் நான் சேர்க்கவில்லை.

இரண்டாம் பகுதி
அவன் மூச்சை அளந்து தைத்த சட்டை.

பிப்ரவரியில் பனிவண்டி கவிழ்ந்தது.
கொம்புக்குக் கீறல்கூட இல்லை.
மேல்வரிசை முன்பல் ஒன்று
டான்யூப் கரைப் பனியில் எங்கோ.

கச்சேரிக்கு ஒன்பது நாள்.
உம்லௌஃப்ட் அவனை என் அறைக்கு இழுத்துவந்தார்
(அவர் வீட்டு அடுப்பில் விறகில்லை).
"ஊது."
மேலே போகப் போகக்
காற்று சந்துவழியே ஓடியது, திருடன்போல.
"எதுவரை வருகிறது?"
ஊதிக் காட்டினான்.
"சரி. இனி இதுதான் வானம்."

அப்படி எழுதியதுதான் மூன்றாம் பகுதி:
குதிரைகள், நாய்கள், துரத்தல்.
மூன்று முறை கொம்பு மலையேறுகிறது,
மூன்று முறையும் சிகரத்துக்கு ஒரு படி முன்னே
வயலின்களிடம் வழிவிட்டுப்
பள்ளத்தாக்கில் இறங்கிச் சிரிக்கிறது.

ஆயரின் செயலர் எழுந்தே நின்றுவிட்டார்.
"என்ன அடக்கம்! தொடாமலே உச்சியைக் காட்டும் ஞானம்!"
ப்ரோகோப் வாயைத் திறக்காமல் வணங்கினான்.
அதையும் அடக்கம் என்றார்கள்.

இன்று லின்ஸிலிருந்து கடிதம், யாரோ இளைஞன்:
"மூன்றாம் பகுதியில் பிரதிப்பிழை இருக்குமோ?
கொம்பு ஏன் மூன்று முறையும் நின்றுவிடுகிறது?
அந்தச் சுரம் எனக்கு வரும். எளிதாகவே வரும்."

வரும். முப்பத்திரண்டு பல்லும் இருக்கும்.

இறகைச் சீவிக்கொண்டு எழுதுகிறேன்:
பிழை ஏதுமில்லை, ஐயா.
முதற்பகுதியில்தான் ஒரு வரி விட்டுப்போயிற்று.
இத்துடன் அனுப்புகிறேன்,
பன்றி உட்பட.
இந்தத் தாளுக்கும் நான்கு க்ராய்ட்சர்.