இரண்டு மணிக் கட்டம்

பெருமாள்புரம், மூன்றாவது தெரு.
கட்டில் கம்பி ஏற்றியாச்சு. கையுறை மாற்றியாச்சு.
வெந்நீரில் முதலில் என் முழங்கை இறங்கும்,
பிறகுதான் அண்ணாச்சி முதுகு.

இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்து
நோட்டில் டிக் போடணும்.
பாபநாசம் வண்டியில் முப்பது வருசம் கண்டக்டர்;
சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடை என்று
ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸ் முடித்த விரல்
இப்போது போர்வையில் எதையோ எண்ணுகிறது.

நேற்று ராத்திரி ரெண்டு மணிக்குத் தூங்கிட்டேன்.
நாலு மணிக்குப் புரட்டினால்
வால் எலும்புக்கு மேலே
எட்டணா அகலத்தில் சிவப்பு.
விரலால் அமுக்கினேன்,
வெளுக்கவில்லை.

சூப்பர்வைசர் செசிலி போனில் சொன்னாள்:
"ஏட்டி தங்கக்கனி, அந்தக் கட்டத்திலயும்
ஒரு டிக்கைப் போட்டு வையி. நாளைக்கு ஆடிட்டு.
பெங்களூர்ல இருந்து மகனும் பார்ப்பாவ."

பேனாவை எடுத்தேன்.
அண்ணாச்சி கண்ணைத் திறந்தார்.
டிக்கெட் எடுக்காதவளைப் பார்க்கிற பார்வை.

கட்டத்தை வெறுமனே விட்டேன்.
பக்கத்தில் எழுதினேன்:
தூங்கிவிட்டேன். சிவப்பு, எட்டணா அளவு.
டாக்டருக்குச் சொல்லியாச்சு.
ஆறு மணிக்கு, இடப்பக்கம்.