இருபத்தொன்று

கானாடுகாத்தானிலிருந்து வந்த பஞ்சுக்குச்சி.
வலது பாதம், சீழ்.
பெயர் சேவுகன், வயது ஐம்பத்தாறு,
தொழில் என்ற இடத்தில் 'வீடு பார்த்தல்'.

முப்பத்தெட்டு அறை, ஒரே ஆள்.
முதலாளிகள் கோலாலம்பூரில்,
மாசிக்கு வந்தால் உண்டு.
மூன்றாம் கட்டில் விளக்குப் போடப் போனவர்
ஆணியை மிதித்திருக்கிறார்.

காரைக்குடியில், செக்காலை ரோட்டில்,
மருந்துக்கடைக்கு மேல்மாடியில் என் மேசை.
ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் தேய்த்து
முப்பத்தைந்து டிகிரியில் மூடி வைத்தேன்.
காலையில் திறந்தால்
பொன்.
கடுகு கடுகாக, மெய்யாகவே பொன்நிறம்.
இந்தக் கிருமியின் பெயரிலேயே பொன் உண்டு.
அந்த வீட்டுப் பெட்டகம் காலி என்பார்கள்;
காவல்காரர் காலில் இவ்வளவு.

இந்த உயிர் இரண்டாகும்போது
நடுவில் ஒரு சுவர் எழுப்பியாக வேண்டும்.
செஃபலெக்சின் செய்வது இதுதான்:
கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளும்.
அரைகுறைச் சுவரில் தண்ணீர் புகுந்து
உப்பி, வெடித்து,
அடையாளம்கூட மிஞ்சாது.

சில கூட்டங்கள் மட்டும்
வேறொரு கொத்தனாரை வைத்திருக்கும்.
அவன் கை இந்தப் பிடிக்குள் அடங்காது.

நாலு நாளாக அந்த மாத்திரையைத்தான்
விழுங்குகிறார் சேவுகன், ஒரு வேளை தவறாமல்.

இரண்டாம் தட்டில் செஃபாக்சிட்டின் வில்லை.
குடும்பம் மொத்தத்துக்கும் அது சாட்சி சொல்லும்.
சுற்றிலும் எதுவும் முளைக்காத வட்டம்
இருபத்திரண்டு மில்லிமீட்டர் இருந்தால்
மருந்து கேட்கும்.

வெறுமையை அளப்பது என் வேலை.
இந்தப் பக்கத்தில் அதற்கா பஞ்சம்,
தெருத்தெருவாகப் பூட்டிக் கிடக்கிறது.
அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது
நான் ஒருத்திதான்.

இன்று அளந்தேன். இருபத்தொன்று.
கண்ணாடியைத் துடைத்து, தட்டைத் திருப்பி,
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து,
இருபத்தொன்று.
உமையாளைக் கூப்பிட்டு, எண்ணைச் சொல்லாமல்
ஸ்கேலை நீட்டினேன்.
"இருபத்தொண்ணுக்கா."

டாக்டருக்குப் போன் செய்தாயிற்று.
வேறு மருந்து, விலை கூட.

பன்னிரண்டு மணிக்கு அவரே வந்தார்,
காலில் பிளாஸ்டிக் பை கட்டி, இடுப்பில் சாவிக்கொத்து.
தாளைக் கண்ணருகே பிடித்து
"எத்தனை இருக்கணும்மா?"
இருபத்திரண்டு.
"எத்தனை இருக்கு?"
சொன்னேன்.
"ஒண்ணுதானே கொறையுது" என்று
எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிச் சிரித்துவிட்டு
படியிறங்கினார்,
சுவரைத் தொட்டுத் தொட்டு.